டீச்சரிடம் கேளுங்கள்: விண்டோஸ் 10 போனது, லினக்ஸ் போடலாமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதற்கப்புறம் எனக்கு வரும் கடிதங்களில் பாதி, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் என்ற இலவச ஓஎஸ் (கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள்) பற்றித்தான். திருவல்லிக்கேணியில் தட்டச்சுப் பயிலகமாக ஆரம்பித்து, பிறகு கம்ப்யூட்டர் சென்டராக மாறிய ஒரு மாடி அறையில் இருந்து எழுதுகிறேன். இன்ஜினியரிங் படித்தவள் இல்லை. நாள் முழுக்க அடுத்தவர் மெஷினைத் திறந்து மூடுகிறவள். பதில்களும் அந்த அளவில்தான் இருக்கும். கேள்விகளை இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன்.

ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். 2016-இல் மகன் வாங்கித் தந்த லேப்டாப் இருக்கிறது. விண்டோஸ் 11 ஏறாது என்கிறது. கடைக்காரர் புதிது வாங்கச் சொல்கிறார். லினக்ஸ் போட்டால் ஓடுமா?
— பெரம்பூர் வாசகர்

ஓடும். உங்கள் லேப்டாப் கெட்டுப்போனதால் விண்டோஸ் 11 மறுக்கவில்லை. டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை பிராசஸரோ அதற்கு மேலோ வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் கோடு கிழித்துவிட்டது. எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017-இல். உங்கள் மகன் ஒரு வருஷம் முந்திவிட்டார், அவ்வளவுதான்.

அவசரம் வேண்டாம். வீட்டு உபயோகக்காரர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தருகிறார்கள். அந்த அவகாசத்தில் நிதானமாக மாறலாம்.

லினக்ஸ் போடும் முன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி (சுற்றுகிற தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) போடுங்கள். 2016 லேப்டாப் ஆமை வேகத்தில் போவதற்குப் பாதிக் காரணம் அந்தச் சுற்றுகிற தட்டுதான். அதை வைத்துக்கொண்டு எந்த ஓஎஸ் போட்டாலும் பலன் குறைவு. ரிச்சி தெருவுக்குப் போகிறீர்கள் என்றால் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ரேமும் கூட்டுவதாக இருந்தால் லேப்டாப்பையே கையில் கொண்டுபோங்கள். அந்த வருஷத்து மாடல்களில் டிடிஆர்3-யும் உண்டு, டிடிஆர்4-யும் உண்டு. ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. வாயால் சொல்லி வாங்கினால் இரண்டு முறை அலைய நேரிடும்.

அப்புறம், லினக்ஸில் இருக்கும் பல வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றும் ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளும் போதும். மின்ட்டை இறக்கி, ரூஃபஸால் பென் டிரைவில் எழுதி, லேப்டாப்பை ஆன் செய்யும்போது எஃப்12-ஐத் தட்டினால் (ஹெச்பி என்றால் எஃப்9) எதிலிருந்து தொடங்கட்டும் என்று கேட்கும். பென் டிரைவைக் காட்டுங்கள். டிஸ்க்கில் எதையும் தொடாமல் லினக்ஸ் அப்படியே ஓடும். முதல் நாள் அதோடு நில்லுங்கள். வைஃபை வருகிறதா, சத்தம் வருகிறதா, கேமரா தெரிகிறதா, உங்கள் பிரிண்டர் ஒரு பக்கம் அடிக்கிறதா என்று பாருங்கள். பிரிண்டர்தான் முக்கியம். ஹெச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் சொன்ன பேச்சைக் கேட்கும். பழைய கேனான் லேசர் பிரிண்டர்களில் சில, பொறுமையைச் சோதிக்கும். நான்கும் சரி என்றால் இன்ஸ்டால் பொத்தானை அமுக்கலாம்.

பென்ஷனுக்கான ஜீவன் பிரமாண் சான்றிதழை நினைத்துத் தயங்க வேண்டாம். அதை ஆண்ட்ராய்டு ஃபோனில் முகத்தைக் காட்டியே கொடுத்துவிடலாம்.

எந்த லினக்ஸ் நல்ல லினக்ஸ்?
— அண்ணா நகர் வாசகர்

உங்கள் வீட்டில் இருந்து நடந்து போகிற தூரத்தில் இருப்பவர் எதை வைத்திருக்கிறாரோ அது. அப்படி யாரும் இல்லையென்றால் மின்ட், அல்லது உபுண்டு.

நான் பி.சி.ஏ. இரண்டாம் வருஷம். உபுண்டு போட்டேன், வைஃபை வரவில்லை. டெலிகிராமில் ஒரு லினக்ஸ் குழுவில் சேர்ந்து “வைஃபை வொர்க் ஆகல, ஹெல்ப் பண்ணுங்க” என்று போட்டேன். ஒருவர் “கூகுள் பண்ணு” என்றார். இன்னொருவர் “உபுண்டுவா? அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆர்ச் போடு” என்றார். அப்புறம் அவர்கள் இருவரும் ராத்திரி வரை சண்டை. என் வைஃபை அப்படியே கிடக்கிறது. இந்தக் குழுக்களால் யாருக்கு என்ன பயன் டீச்சர்?
— குரோம்பேட்டை மாணவி

முதலில் வைஃபை. ஃபோனை யுஎஸ்பி கேபிளால் லேப்டாப்பில் செருகி, ஃபோன் செட்டிங்ஸில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். லேப்டாப்புக்கு இன்டர்நெட் வந்துவிடும். பிறகு உபுண்டுவில் ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ என்பதைத் திறந்தால், உங்கள் வைஃபை சிப்புக்கு ஏற்ற டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) இருக்கும் பட்சத்தில் அங்கே காட்டும். டிக் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிராட்காம் சிப் உள்ள லேப்டாப்புகளில் இது அடிக்கடி நடக்கிற கூத்து. டிரைவரை இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட் வர டிரைவர் வேண்டும். சிப் மிகப் புதியது என்றால் விஷயம் வேறு. அப்போது புதிய கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) உள்ள பதிப்பாகப் பார்த்துப் போட வேண்டும்.

இப்போது குழுவுக்கு வருகிறேன். நீங்கள் போட்ட வரியை நான் பார்த்திருந்தாலும் தாண்டித்தான் போயிருப்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த வரியில் பதில் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை. லேப்டாப் என்ன மாடல், உபுண்டு எந்தப் பதிப்பு, வைஃபை சிப்பின் பெயர் என்ன, வைஃபை பட்டியலே வரவில்லையா அல்லது பட்டியல் வந்து இணைய மறுக்கிறதா, விண்டோஸில் வேலை செய்ததா, நீங்கள் என்னென்ன முயன்றீர்கள்? இத்தனையும் இருந்தால், தெரிந்தவர் ஒரே பதிலில் முடித்துவிடுவார். இல்லாவிட்டால் அவர் ஒவ்வொன்றாக உங்களிடம் கேட்டு வாங்க வேண்டும். சம்பளம் இல்லாமல், சாப்பாட்டு நேரத்தில், ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு பதில் சொல்கிறவர்கள் அவர்கள்.

பிழைச் செய்தி வந்தால் அதை எழுத்தாகவே ஒட்டுங்கள். திரையை ஃபோனில் சாய்வாகப் படம் பிடித்து, மேலே மின்விசிறி நிழலோடு அனுப்புகிறவர்களை என்ன செய்வதென்று எனக்கே தெரியவில்லை.

ஒரு நல்ல உதாரணம் சொல்கிறேன். 1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சின்கியில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் ஒருவர், மினிக்ஸ் என்ற சிறிய ஓஎஸ்ஸைப் பயன்படுத்துகிறவர்களின் இணையச் செய்திக் குழுவில் ஒரு கடிதம் போட்டார். 386, 486 மெஷின்களுக்காக ஒரு ஓஎஸ் எழுதிக்கொண்டிருக்கிறேன். பொழுதுபோக்குதான், பெரிதாகவெல்லாம் வராது. இன்னின்ன மென்பொருள்களை அதில் ஓட வைத்துவிட்டேன், அவற்றின் பதிப்பு எண் இவை. இன்ன ஹார்ட் டிஸ்க் தவிர வேறெதற்கும் ஒத்துவராது. மினிக்ஸில் உங்களுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று சொல்லுங்கள். சாரம் இவ்வளவுதான். எழுதியவர் லினஸ் டோர்வால்ட்ஸ். நீங்கள் இன்று போட்டிருக்கிற உபுண்டுவின் அடியில் இருப்பது அந்தப் பொழுதுபோக்குதான். அந்தக் கடிதத்தில் கையில் இருப்பது என்ன, முடியாதது என்ன, வேண்டியது என்ன என்ற மூன்றும் இருக்கின்றன. படித்தவர்கள் பதில் எழுதினார்கள், அப்புறம் நிரலும் எழுதினார்கள்.

“கூகுள் பண்ணு” என்றவரை இதனால் நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு பெண் முதல்முறையாகக் கேட்கிறாள் என்று தெரிந்த பிறகு அந்த இரண்டு வார்த்தைகளைத் தட்டுவதற்கு ஆன நேரத்தில் “மாடல் என்னம்மா?” என்று தட்டியிருக்கலாம். ஆர்ச்சைச் சிபாரிசு செய்தவர் இன்னும் மோசம். வைஃபையே வராத ஒருத்தியிடம், ஒவ்வொரு பகுதியையும் கையால் கோத்து, இன்டர்நெட்டிலிருந்தே இறக்கிப் போட வேண்டிய ஓஎஸ்ஸைப் போடச் சொல்கிறார். இவருக்கு உங்கள் வைஃபை மேல் அக்கறை இல்லை, தன் ஆர்ச் மேல்தான். எந்தக் குழுவிலும் இப்படி நாலு பேர் இருப்பார்கள். அவர்கள் சத்தமாக இருப்பதால் குழுவே அவர்கள்தான் என்று தோன்றும். சத்தம் போடாமல் பதில் எழுதிவிட்டுப் போகிறவரைக் கவனித்து வையுங்கள். அடுத்த கேள்விக்கு உதவும்.

இன்னொன்று. பெண் பெயரைப் பார்த்ததும் “இன்பாக்ஸ் வாங்க, சொல்லித் தரேன்” என்று யாராவது வந்திருப்பார், நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை. போக வேண்டாம். பதில் தெரிந்தவருக்குக் குழுவிலேயே சொல்வதில் ஒரு சிரமமும் கிடையாது. அவர் தப்பாகச் சொன்னால் திருத்த அங்கே பத்து பேர் இருக்கிறார்கள், இன்பாக்ஸில் யாரும் இல்லை.

வைஃபை வந்ததும் அதே குழுவுக்குத் திரும்பிப்போய் என்ன செய்தீர்கள், எந்த டிரைவர் என்று எழுதுங்கள். அடுத்த வருஷம் இதே லேப்டாப்போடு ஒரு பையன் தேடி வருவான்.

டூயல் பூட் (ஒரே மெஷினில் விண்டோஸும் லினக்ஸும்) போட்டேன். லினக்ஸில் நேரம் சரியாக இருக்கிறது. விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. மதர்போர்டு பேட்டரி போய்விட்டதா?
— வேளச்சேரி வாசகர்

பேட்டரி போயிருந்தால் இவ்வளவு ஒழுங்காக ஐந்தரை மணி நேரம் தவறாது. மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கிறது. நம் நேரத்துக்கான ஐந்தரையைத் தானே கூட்டிக்கொள்கிறது. விண்டோஸ் அதே கடிகாரத்தைப் பார்த்து, அதில் இருப்பது உள்ளூர் நேரம் என்று அப்படியே நம்பிவிடுகிறது. லினக்ஸிடம் “நீயும் உள்ளூர் நேரத்தையே எழுது” என்று ஒரு வரிக் கட்டளையில் சொல்லிவிடலாம். ‘லோக்கல் ஆர்டிசி’, ‘டூயல் பூட்’ என்று சேர்த்துத் தேடினால் அந்த வரி கிடைக்கும்.

லினக்ஸ் போடுவதற்காக பயாஸில் (மெஷினின் தொடக்க அமைப்புத் திரை) செக்யூர் பூட்டை ஆஃப் செய்தேன். இப்போது விண்டோஸ் திறக்காமல், நீலத்திரையில் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கிறது. அப்படி ஒரு எண்ணை நான் பார்த்ததே இல்லை. உள்ளே குழந்தையின் ஐந்து வருஷப் போட்டோக்கள்.
— கொளத்தூர் வாசகர்

எதையும் ஃபார்மட் செய்ய வேண்டாம். யார் சொன்னாலும் வேண்டாம்.

பயாஸுக்குப் போய் செக்யூர் பூட்டை மறுபடி ஆன் செய்யுங்கள். பல மெஷின்களில் அதோடு விண்டோஸ் பழையபடி திறந்துவிடும். உங்கள் டிஸ்க், பிட்லாக்கர் என்கிற விண்டோஸின் பூட்டு வசதியால் பூட்டப்பட்டிருக்கிறது. சமீப காலத்து லேப்டாப்புகள் பலவற்றில், முதல்முறை மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்ளே நுழையும்போதே நம்மை அதிகம் கேட்காமல் அந்தப் பூட்டு போடப்பட்டுவிடுகிறது. தொடக்க அமைப்பில் ஏதாவது மாறினால் திருடன் கை வைத்துவிட்டான் என்று நினைத்துச் சாவி கேட்கும்.

திறக்கவில்லை என்றால் அந்த எண், லேப்டாப்பை முதலில் செட் செய்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும். அது யாருடைய கணக்கு என்று யோசியுங்கள். உங்கள் தம்பியுடையதாக இருக்கலாம், மனைவியின் ஆஃபீஸ் மெயிலாக இருக்கலாம், கடைப் பையன் அவசரத்துக்குத் தன் கணக்கைப் போட்டுத் தந்திருக்கலாம். இந்த மூன்றாவது ரகம் என் மேஜைக்கு நிறைய வருகிறது. எண் கிடைக்கவே கிடைக்காவிட்டால் அந்த டிஸ்க்கை யாராலும் திறக்க முடியாது. பணம் கொடுத்தால் திறந்து தருகிறேன் என்று சொல்கிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

இனி போடப் போகிறவர்களுக்கு: விண்டோஸ் திறந்திருக்கும்போதே செட்டிங்ஸில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’பையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் அரைத் தூக்கத்தில் இருக்கும், லினக்ஸில் இருந்து அந்த டிரைவில் எதையும் எழுத முடியாமல் போகும். போட்டோக்களை வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் சைதாப்பேட்டையில் இருந்தும் ஜாபர்கான்பேட்டையில் இருந்தும் சேறு ஒட்டிய லேப்டாப்புகளைத் தூக்கி வந்தவர்கள் யாரும் என்னிடம் லேப்டாப்பைக் கேட்கவில்லை. போட்டோவைத்தான் கேட்டார்கள்.

லினக்ஸில் வைரஸே வராதாமே?
— மடிப்பாக்கம் வாசகர்

விண்டோஸுக்கு எழுதிய வைரஸ் இங்கே பெரும்பாலும் ஓடாது. ஓடிபியை வாங்கிப் பணத்தை எடுக்கிறவனுக்கு நீங்கள் என்ன ஓஎஸ் வைத்திருக்கிறீர்கள் என்பதே தேவையில்லை.

சவுகார்பேட்டையில் மொத்த வியாபாரம். நான்கு கம்ப்யூட்டர். எல்லாவற்றிலும் டேலி கணக்கு மென்பொருள். விண்டோஸ் லைசன்ஸ் இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான்கையும் லினக்ஸுக்கு மாற்றிவிட்டால் பிரச்சினை தீருமா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர்

தீராது. டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. ஒயின் என்ற இடைமென்பொருள் மூலம் லினக்ஸில் ஓட்டிக் காட்டுகிறவர்கள் உண்டு. மார்ச் மாதக் கடைசியில் அது மக்கர் செய்தால் உங்கள் கணக்கர் யாரைக் கூப்பிடுவார் என்று யோசியுங்கள். டேலி ஓடும் மெஷினுக்கு முறையாக விண்டோஸ் வாங்கிவிடுங்கள். நான்கிலும் உண்மையில் டேலி தேவையா? பில்லைப் பார்ப்பதற்கும், மெயிலுக்கும், வாட்ஸ்அப் வெப்புக்கும் மட்டும் பயன்படுகிற மெஷினை லினக்ஸுக்கு மாற்றலாம். ஜிஎஸ்டி தளம் பிரவுசரில் திறக்கும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருந்தால் அந்த கம்பெனி லினக்ஸ் டிரைவர் தருகிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

உண்மையைச் சொன்னதற்கு நன்றி. இப்போது அந்த நான்கிலும் இருக்கும் கிராக் விண்டோஸைப் பற்றியும் ஒன்று: அதை உடைத்துத் தந்த மென்பொருள் உள்ளே வேறு என்ன வைத்துவிட்டுப் போனது என்று யாருக்கும் தெரியாது. உங்கள் வங்கிக் கணக்கு அதே மெஷினில்தானே திறக்கிறது?

ஆண்டர்சன் தெருக் கடைகளுக்குக் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துத் தருகிறேன். பேஜ்மேக்கர், கோரல் டிரா, பாமினி எழுத்துரு. கை தமிழ்த் தட்டச்சு முறையில் பழகியது. லினக்ஸ் எனக்கு ஒத்துவருமா?
— ராயப்பேட்டை டிடிபி ஆபரேட்டர்

இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. தட்டச்சு என்றால் நான் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கைக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் என்ற தொகுப்பைச் சேர்த்தால், தமிழுக்குக் கீழே தமிழ்99, ஃபொனெடிக், இன்ஸ்கிரிப்ட், கூடவே டைப்ரைட்டர் என்று ஒன்றும் வரும். அந்தக் கடைசி ஒன்று உங்களுக்கு. பழைய ரெமிங்டன் மெஷினில் லோயர், ஹையர் தட்டச்சுத் தேர்வு எழுதிய கை, மறுபடி எதையும் கற்க வேண்டியதில்லை. புதிதாகத் தமிழ் தட்டச்சு படிக்க வருகிற பிள்ளைகளை மட்டும் நான் தமிழ்99-இல் உட்கார வைக்கிறேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற விசைப்பலகை அது. உயிர் 12 இடது பக்கம், மெய் 18 வலது பக்கம், ஆய்தம் ஒன்று. 31 விசையில் 247 எழுத்தும் வந்துவிடும். தங்கிலீஷில் தட்டித் தமிழாக்குகிற பழக்கத்தை நான் வகுப்பில் அனுமதிப்பதில்லை, அதற்காக என்னைத் திட்டுகிற பெற்றோரும் உண்டு.

தொழிலுக்கு வருவோம். பாமினியில் அடித்தது கம்ப்யூட்டரின் கண்ணுக்குத் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் உருவம் ஒட்டிய சமாசாரம். அந்த எழுத்துருக் கோப்பை லினக்ஸிலும் நகலெடுத்து வைத்தால் பழைய கோப்புகள் தெரியும். ஆனால் இனி அடிப்பதை, எல்லா மெஷினும் தமிழாகவே படிக்கிற யூனிகோடில் அடியுங்கள். பழையதை மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. மாற்றியபின் பெயர்களை மட்டும் ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள். மாப்பிள்ளை பெயரில் ஒரு கொம்பு விழுந்தால் கடைக்காரர் உங்களைத்தான் பிடிப்பார்.

பேஜ்மேக்கரும் கோரலும் லினக்ஸில் கிடையாது. பேஜ்மேக்கர் இடத்தில் ஸ்க்ரைபஸ், கோரல் இடத்தில் இங்க்ஸ்கேப். ஸ்க்ரைபஸ் வாங்குவதாக இருந்தால் — வாங்குவது என்ன, இலவசம்தான் — 1.6 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பாக இருக்கட்டும். பழைய 1.4-இல் தமிழ் எழுத்துகள் ஒழுங்காகச் சேராது, கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் நிற்கும்.

இத்தனையும் சொன்னபிறகு என் தீர்ப்பு: தொழில் மெஷினை இப்போது மாற்றாதீர்கள். கடைக்காரர் கோரல் கோப்பாகக் கொடு என்று கேட்கிற வரைக்கும் நீங்கள் கோரலில்தான் இருக்க வேண்டும். வீட்டில் பழைய மெஷின் இருந்தால் அதில் ஸ்க்ரைபஸைப் பழகிப் பாருங்கள். ஆவணி முகூர்த்தக் கூட்டம் ஓய்ந்தபிறகு.

ஒன்பதாவது படிக்கும் மகன் லினக்ஸ் போட்டதில் இருந்து கறுப்புத் திரையில் ஏதேதோ கட்டளைகளை ஒட்டிக்கொண்டே இருக்கிறான். எல்லாம் இணையத்தில் யாரோ சொன்னது. மெஷின் உடைந்துவிடுமா?
— அம்பத்தூர் தந்தை

மெஷின் உடையாது. உள்ளே இருப்பது போகலாம். டிஸ்க் முழுவதையும் அழிக்கிற கட்டளையை “இதைப் போட்டால் வேகம் கூடும்” என்று புதியவர்களுக்குச் சொல்லி ரசிக்கிற விஷமிகள் இணையத்தில் ரொம்ப நாளாகவே உண்டு.

விஷமமே இல்லாமலும் நடக்கும். கனடாவில் லைனஸ் செபாஸ்டியன் என்ற பெரிய யூட்யூபர் (டோர்வால்ட்ஸ் வேறு, இவர் வேறு) 2021-இல் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் விளையாட்டுகளுக்கான ஸ்டீம் மென்பொருளைப் போடப் போனார். அந்தத் தொகுப்பில் அப்போது ஒரு பிழை இருந்தது. முக்கியமான பகுதிகள் நீக்கப்படப் போகின்றன என்று கணினி எச்சரித்து, தெரிந்தே செய்வதாக இருந்தால் “ஆம், நான் சொல்வதைச் செய்” என்று முழு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் தட்டச் சொன்னது. அவர் தட்டினார். டெஸ்க்டாப்பே காணாமல் போனது. கம்ப்யூட்டரை வைத்தே பிழைக்கிறவருக்கு இந்தக் கதி.

தடை போடாதீர்கள். ஒட்டும் முன் அந்த வரியில் ஒவ்வொரு சொல்லும் என்ன செய்கிறது என்று உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரிய வேண்டியதில்லை. சொல்ல முடியாமல் திணறினால் அவன் இன்னும் அதை ஒட்டக் கூடாது. உங்கள் ஆஃபீஸ் ஃபைல்களை அந்த மெஷினில் வைக்காதீர்கள், அது உங்கள் பொறுப்பு.

2012-இல் மகளுக்குக் கிடைத்த அரசு இலவச லேப்டாப் பரணில் இருக்கிறது. ஆன் செய்தால் பாஸ் லினக்ஸா விண்டோஸா என்று கேட்கும். அதற்கு உயிர் கொடுக்கலாமா?
— போரூர் ஆசிரியை

கொடுக்கலாம், பேராசை இல்லாமல். 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த பாஸ், டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் நம் சென்னை மையம் உருவாக்கியது. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளுக்கு லினக்ஸ் முதலில் வந்தது அந்த லேப்டாப் வழியாகத்தான். வந்ததோடு சரி. பயன்படுத்தச் சொல்லித் தர ஆள் இல்லாததால் பிள்ளைகள் கீழே இருந்த விண்டோஸைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஓஎஸ்ஸைக் கொடுத்தோம், ஆளைக் கொடுக்கவில்லை.

முதலில் பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள். உப்பியிருந்தால் திரும்பப் போடாதீர்கள். கழற்றிய பேட்டரி இல்லாமலே அடாப்டரில் ஓட்டலாம். பிராசஸர் 64 பிட்டா என்று பாருங்கள். 32 பிட் என்றால் தேர்வு சுருங்கிக்கொண்டே வருகிறது. உபுண்டு எப்போதோ நிறுத்திவிட்டது, 2025-இல் வந்த டெபியன் 13-லும் 32 பிட்டுக்கான இன்ஸ்டாலர் இல்லை. 2 ஜிபி ரேம் என்றால் ஆன்டிஎக்ஸ் மாதிரி மெலிந்த ஒன்று போடுங்கள். யூட்யூப் திணறும். தட்டச்சுப் பழகவும், லிப்ரே ஆஃபீஸில் வினாத்தாள் அடிக்கவும் போதும். வினாத்தாளைப் பள்ளிக்கு அனுப்பும்போது பிடிஎஃப்பாக அனுப்புங்கள். லதா என்ற தமிழ் எழுத்துரு இல்லாத மெஷினில் வரிகள் இடம் மாறி, ‘பொருத்துக’ பகுதி பொருந்தாமல் போகும்.

ஆன்லைனில் பேசியே அலுத்துவிட்டது. லினக்ஸ்காரர்களை நேரில் பார்க்க சென்னையில் இடம் உண்டா?
— தாம்பரம் வாசகர்

உண்டு. தொண்ணூறுகளின் கடைசியில் தொடங்கிய சென்னை லினக்ஸ் பயனர் குழு, நெடுங்காலம் ஐஐடி வளாகத்தில் மாதாமாதம் கூடியது. உங்கள் பக்கம் என்றால் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு. இப்போது எங்கே, எப்போது கூடுகிறார்கள் என்று அவர்களின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தமிழில் படிக்க வேண்டுமென்றால் 2012 முதல் வரும் கணியம் மின்னிதழ் இருக்கிறது. நேரில் போகும்போது லேப்டாப்பும் சார்ஜரும் ஒரு ஸ்பைக் பஸ்டரும் எடுத்துப் போங்கள். எத்தனை பேர் வந்தாலும் பிளக் பாயின்ட் இரண்டுதான் இருக்கும். ஸ்பைக் பஸ்டர் கொண்டுபோனவருக்குத்தான் முதலில் நண்பர்கள் கிடைப்பார்கள்.

லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்குத் தலைக்கனம் அதிகம். உங்களுக்கும்தான்.
— கடிதத்தில் ஊர் இல்லை

இதில் கேள்வி எங்கே இருக்கிறது?

மாமனாருக்கு 74 வயது. அவர் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 7 இன்னும் ஓடுகிறது. அவர் ஊருக்குப் போயிருக்கும்போது சொல்லாமல் லினக்ஸுக்கு மாற்றிவிடலாமா? பிரவுசர் மட்டும்தான் பார்க்கிறார், வித்தியாசமே தெரியாது.
— கே.கே. நகர் மருமகள்

சொல்லாமல் செய்யாதீர்கள். பிரவுசர் மட்டும்தான் பார்க்கிறார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். மத்தியானம் சாப்பிட்டபிறகு என்ன செய்கிறார் என்று ஒரு நாள் எட்டிப் பாருங்கள், சீட்டாட்டமாகத்தான் இருக்கும். அவர் ஊரில் இருந்து வந்ததும் பென் டிரைவில் இருந்து மின்ட்டை ஓட்டிக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். சம்மதித்தால், இன்ஸ்டால் ஆனதும் முதல் வேலையாக ஐஸ்லெரியட் என்ற சாலிடேரை இறக்கி, ஐகானைப் பெரிதாக்கி, திரையில் பழைய இடத்திலேயே வையுங்கள். பழைய இடம் எது என்று இப்போதே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.